ஒத்துக்கொள்ளாத கறுப்பு

என் தலைமுடி இருபது வயதிலேயே வெளுக்க ஆரம்பித்தது. இருபத்து மூன்றில் நெற்றியிலிருந்து உச்சிவரை சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்று சொல்வேன். அன்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தால் நான் பட்டதையும் செய்ததையும் நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் வாயில் புளித்த எச்சில் ஊறுகிறது.

நாங்கள் இருந்தது மலாய் நாட்டில், லுக்குட் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறோ மருந்தோ கொடுத்துவிடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த எங்கள் வரிசை வீடுகளை, லயங்களை, பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் விடியும்வரை யார் செத்தாலும் திறக்க மாட்டார்கள். எஸ்சி என்று நாங்கள் சொல்லும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல்காரர்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். பெரும்பாலும் மலாய் வாலிபர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஆளுக்கொரு அடையாளக் கார்டு கொடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாற்காலி போட்டுப் படம் எடுத்தார்கள். பெருவிரலை மையில் அழுத்தினார்கள். வயதைக் கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, எழுதினார். எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த வருடம் தெரியாது என்பதால் அவர் யாரையும் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்ப்பார், எழுதுவார். என் முறை வந்தபோது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். நாற்பது என்று எழுதிவிட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் கேட்டில் ஒரு எஸ்சி கார்டைச் சத்தமாக வாசித்தபோதுதான் தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அதே நேரத்தில் தெரிந்தது.

என் புருஷனுக்கு இருபத்தேழு. அன்று சாயங்காலம் நான் குழாயடிக்குப் போனபோது ஒருத்தி கேட்டாள்:

"என்னா பெரியம்மா, ஒங்க மூத்த மவன் வேலைக்குப் போயிட்டு வந்துட்டானா?"

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கிராணியிடம் போய்த் திருத்தச் சொன்னேன். அரசாங்கக் கார்டில் கை வைத்தால் ஜெயில் என்றார். தான் தப்பாக எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புருஷனும் முதல் நாள் சிரித்தான். அதன் பிறகு காலையில் பெரட்டுக்குப் போகும்போது எனக்கு நாலடி முன்னால் நடக்க ஆரம்பித்தான். அந்த நாலடிதான் என்னை அந்தப் பொட்டலத்திடம் கொண்டுபோய் விட்டது.

பொட்டலத்தைக் கொண்டுவந்தவள் கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிறவள். பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று லுக்குட்டிலிருந்து அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். நம்ம ஆள்தான், தமிழ் பேசுகிறவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. சிலர் கொண்டைக்குள் அரிசி முடிந்து கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவள் ஒவ்வொரு கொண்டைக்குள்ளும் இரண்டு விரலை விட்டுக் குடைவாள். ஐம்பது அறுபது தலை. எண்ணெய், வேர்வை, பேன், சிரங்கு எல்லாவற்றிலும் அதே விரல்கள். நடுவில் கழுவ மாட்டாள். தன் இடுப்புச் சேலையில் ஒரு தேய்ப்பு, அடுத்த தலை. எனக்கு முன்னால் நிற்கிறவளின் தலையில் சீழ்க்கட்டி இருப்பது எனக்குத் தெரியும். அந்த விரல் அடுத்து என் தலைக்குள் வரும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் காலை அவள் என் கொண்டைக்குள் விரலை வைத்துக்கொண்டே காதருகில் சொன்னாள்:

"இந்தத் தோட்டத்துல எந்தத் தல யாருதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்டி. ஒந்தல நல்ல தல. வெள்ளதான் கெடுத்து வெச்சிருக்கு. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. எல்லாம் எலதாம்லா. கரிசலாங்கண்ணி, மருதாணி, அவுரி. மருந்தே கெடையாது."

வேலிக்குள் பாஸ் இல்லாமல் ஒரு தலைவலி மாத்திரை கொண்டுவந்தால்கூடப் பிடித்து உள்ளே வைப்பார்கள். ஆனால் சோதனை போடுகிறவளை யார் சோதிப்பது? ரவிக்கைக்குள் வைத்து எடுத்துவந்து, பெண்களைச் சோதிக்கும் தட்டிக் கொட்டகைக்குள் விற்றாள். பழைய செய்தித்தாளில் சுற்றிய பச்சைத் தூள். பச்சையாக இருந்ததால் எல்லோரும் நம்பினோம். பச்சை என்றால் இலை, இலை என்றால் நல்லது. இவ்வளவுதான் எங்கள் அறிவு.

முதல் முறை பூசியபோது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் விட்டுக் குழைத்ததும் பச்சை பழுப்பாகி, அரைமணி நேரத்தில் தார் மாதிரி ஆயிற்று. அந்த வாடையை நான் கவனித்திருக்க வேண்டும். மருதாணியில் மண் வாசம் வரும். இதில் தீய்ந்த கம்பி நாற்றம் வந்தது. கறுப்பு பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மூக்கை மூடிக்கொண்டேன். காதோரம் கொஞ்சம் அரித்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. புருஷன் என் பக்கத்தில் நடந்தான்.

ஒன்றரை மாதத்தில் வேர்கள் வெளுத்தன. இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்றை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து, கையாலேயே குழைத்து, கையாலேயே பூசினேன். இன்னொன்றை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது தலையணை என்னோடு சேர்ந்து எழுந்தது. முடியும் உறையும் ஒட்டியிருந்தன. பிய்த்தால் தலையிலிருந்து மஞ்சள் நீர் வடிந்தது. ரப்பர் பால் வாளியில் இரண்டு நாள் கிடந்து உறைந்த கட்டிப்பால் எப்படி நாறுமோ அப்படி நாறியது. ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்க முடியாது. ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினால் விரல் நுனிகளெல்லாம் கறுத்துக் கொப்புளம் போட்டிருந்தன. பெருவிரலில் தோல் உரிந்து தொங்கியது.

மத்தியானத்துக்குள் காது மடல்கள் அப்பம் மாதிரி உப்பின. நெற்றி இறங்கிக் கண்ணை மூடியது. உதடு புரண்டு வெளியே வந்தது. புருஷன் கண்ணாடியைக் காட்ட மாட்டேன் என்றான். பிடுங்கி, ஒரு கண்ணைக் கையால் பிளந்து பார்த்தேன். அதில் இருந்தது நான் இல்லை. தண்ணீரில் மூன்று நாள் கிடந்து எடுத்த ஒருத்தி. சாயங்காலம் நாலு மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு விட்டால் கொக்கரிப்பதுபோல் சத்தம் வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டார். தொரையும் கிராணியும் வெளியே போயிருந்தார்கள். போர்ட் டிக்சன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் ரோட்டுக்கு வர ஐந்தரை ஆகும், ஆறு மணிக்குக் கேட் பூட்டுவார்கள். அந்த நேரத்துக்குள் வெளியே போகாவிட்டால் ராத்திரி முழுக்க உள்ளேதான். அந்த ராத்திரியை நான் தாண்ட மாட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் ஒரு கையைப் பிடித்தாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இன்னொரு கையைப் புருஷன் பிடித்தான். கேட்டுக்குப் போனோம்.

கேட்டில் நின்ற எஸ்சிகள் இரண்டு பேரும் அந்த வாரம்தான் மாறி வந்தவர்கள். என்னை முன்னேபின்னே பார்த்ததில்லை. ஒருவன் கார்டை வாங்கிப் பார்த்தான். படத்தில் வெள்ளை முடி, ஒல்லி முகம். எழுத்தில் நாற்பது வயது. எதிரில் கறுப்பு முடி, முகமே இல்லாத ஒரு பொம்பளை. கார்டையும் என்னையும் மூன்று முறை பார்த்துவிட்டு, "ஓராங் லாயின்" என்றான். வேறு ஆள்.

புருஷன் மலாயில் கெஞ்சினான். பெண்சாதிதான், முடிக்கு மை போட்டதில் வீங்கிவிட்டது என்றான். அந்த எஸ்சி என் கையைத் திருப்பிப் பெருவிரலைப் பார்த்தான். ரேகை இல்லை. கறுத்துப்போன சதைதான் இருந்தது. அவன் முகம் மாறிவிட்டது. காட்டில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து விரல் கறுத்துப்போயிருக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காட்டில் சீக்கு வந்த ஒருத்தியைத் தோட்டத்துக்காரியின் கார்டில் ஆஸ்பத்திரிக்குக் கடத்துகிறோம் என்று முடிவு செய்துவிட்டான். இரண்டாவது ஆள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பின்வாங்கவில்லை. இவள் என் வீட்டுக்கு அடுத்த வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் யார் இருமுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், வேண்டுமானால் என் கார்டையும் வைத்துக்கொள் என்று தன் கார்டை எடுத்து நீட்டினாள். அந்தக் காலத்தில் கார்டைக் கையை விட்டுக் கொடுப்பது விளையாட்டு இல்லை. அவன் வாங்கவில்லை. தோட்டத்து ஆள் தோட்டத்து ஆளுக்குச் சொல்லும் சாட்சி செல்லாது என்றான். கேட்டில் வேலை செய்கிறவர் யாராவது சொல்லட்டும் என்று கொட்டகைப் பக்கம் திரும்பிச் சோதனை போடுகிறவளைக் கூப்பிட்டான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் தினமும் தொடுகிற தலை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற தலை.

வந்தாள். அதற்குள் என் கண் முழுக்க அடைத்துவிட்டது, வளையல் சத்தம்தான் கேட்டது. தேங்காய் எண்ணெய் வாடை பக்கத்தில் வந்து நின்றது. எஸ்சி கேட்டான், இவளைத் தெரியுமா என்று.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தா தாவு" என்றாள். தெரியாது. பிறகு எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னாள்:

"இந்த மாதிரி மூஞ்சிய நான் பாத்ததே இல்லப்பா."

பக்கத்து வீட்டுக்காரி, "ஏன் அக்கா, தெனம் கொண்டையில வெரல விட்டுக் கொடையிறீங்க, இப்பத் தெரியலயா?" என்று கத்தினாள். சோதனைக்காரி மறுபடியும் "தா தாவு" என்றாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னைத் தெரியும் என்றால், புருஷன் சொன்ன மையும் உண்மையாகிவிடும். அடுத்ததாக, அது வேலிக்குள் எப்படி வந்தது என்று கேள்வி வரும். நான் அங்கேயே மூச்சடைத்துச் செத்தால் அவளுக்குக் கேள்வியே இல்லை. ஒரு பொட்டலம் தூளுக்காக ஒரு பெண் சாகட்டும் என்று அவள் என் எதிரில் நின்று முடிவு செய்தாள். தலையில் வடிந்த சீழைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ் வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வளையல் சத்தம் வந்த பக்கம் தலையை நீட்டி, மூச்சு இருந்த அளவுக்கு, மெதுவாகச் சொன்னேன்:

"அக்கா, ஒங்க பொட்டலம் இன்னொண்ணு பிரிக்காம என் வீட்ல இருக்கு. நான் இங்க செத்தா அது தொரைகிட்டப் போவும். வெளிய போனா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

எஸ்சிகளுக்குத் தமிழ் தெரியாது. புருஷனும் பக்கத்து வீட்டுக்காரியும் எஸ்சியோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் அவர்களுக்கும் கேட்கவில்லை. வளையல் சத்தம் என் காதருகே வந்தது. பிறகு இரண்டு விரல் என் கொண்டைக்குள் வந்தது. புண்ணுக்குள் விரல். எனக்கு உயிர் போய் வந்தது. ஏதோ சோதித்துப் பார்ப்பதுபோல் குடைந்துவிட்டு, மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆமாம், இவள் இந்த லயத்துப் பெண்தான், முகம் வீங்கியதில் அடையாளம் தெரியாமல் போயிற்று என்று. கேட் திறந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். முடியைக் கத்தரித்து மொட்டையடித்து, தலையில் ஏதோ வெள்ளை மருந்து அப்பினார்கள். நாலாம் நாள் கண் திறந்தது. டாக்டர் சொன்னதை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னாள். எந்த இலையும் அரைமணி நேரத்தில் இப்படிக் கறுப்பாக்காதாம். இலைத்தூளில் ரசாயனச் சாயத்தைக் கலந்திருக்கிறார்கள். சிலருக்கு முதல் முறை ஒன்றும் செய்யாது, உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறை காட்டும். இன்னொரு முறை தொட்டால் நான் பிழைக்க மாட்டேன். இதை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார்.

நானே இலை பறித்து அரைத்தேன் என்றேன்.

வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். பயம். நான் தினமும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும், தினமும் அவள் கையைத் தாண்டித்தான் வர வேண்டும். கொண்டையில் நாலு அரிசி கிடந்தது என்று அவள் சொன்னால் போதும்.

பத்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பினேன். கேட்டில் அவள் என்னைத் தொடவே இல்லை, கையால் போ என்று காட்டினாள். என் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தைக் கக்கூஸ் குழியில் போட்டேன். நான் வருவதற்கு முன்பே அவள் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தாள். அவளுக்குச் சூட்டு உடம்பு, எண்ணெய் வைக்காமல் பூசியிருப்பாள், கருவாடு தின்றிருப்பாள், அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று. குழாயடியில் பெண்கள் என்னைக் கேட்டார்கள்.

"ஆமா, ஒத்துக்கல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நம் பேச்சில் அந்த வார்த்தை எவ்வளவு வசதியானது. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்போம், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். சாமானின் மேல் குற்றமே கிடையாது, குற்றமெல்லாம் உடம்பின் மேல். டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. அது இலை இல்லை என்று சொல்லவில்லை. அவள் என்னைத் தெரியாது என்றதும் என் உயிர் அவளுக்குத் தூசு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தையில் அவளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமும் கொட்டகையில் பொட்டலம் விற்றது.

இரண்டு மாதம் போனது. பக்கத்து வீட்டுக்காரியின் தம்பிக்கு ராசா என்ற ஊரில் கல்யாணம் வந்தது. அவளுக்குக் காதோரத்தில் மட்டும் நரை, புருவத்தில் இரண்டு மூன்று வெள்ளை. ஒருமுறை பூசிப் பார்த்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முந்திய வாரம் மறுபடியும் பூசினாள். புருவத்துக்கும் சேர்த்து. எனக்கு அது அவள் அலறிய பிறகுதான் தெரியும். இந்த முறை கேட்டில் தகராறு இல்லை. டிரஸ்ஸர் இருந்தார், கிராணி பாஸ் எழுதினார், லாரியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஆனால் மை வழிந்து கண்ணுக்குள் போயிருந்தது.

கல்யாணம் அவள் இல்லாமல் நடந்தது. மூன்று வாரம் கழித்து வந்தாள். இடது கண்ணில் முட்டை வெள்ளை மாதிரி ஒரு படலம். அந்தக் கண் பிறகு தெரியவே இல்லை.

வந்த சாயங்காலமே வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் கடைசியில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது.

"எனக்கும் ஒத்துக்கல போல" என்றாள்.

என் வார்த்தை. அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். அங்கேயே சொன்னேன், எல்லோர் முன்னாலும். அது இலை இல்லை, சாயம் என்று டாக்டர் சொன்னது. கேட்டில் நான் சோதனைக்காரியை மிரட்டியது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி வெளியே போனது. டாக்டரிடம் பொய் சொன்னது. மறுநாள் ஆபீசுக்குப் போய்த் தொரையிடமும் சொன்னேன். கிராணி மொழிபெயர்த்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர்தான் கேட்டார், என் தலையைப் பார்த்து நாற்பது என்று எழுதியவர். அந்த வாரக் கடைசியில் சோதனைக்காரியை மாற்றினார்கள். வேலையை விட்டு எடுத்தார்கள் என்று நினைத்தோம். பாரோய்ப் பக்கத்தில் வேறொரு தோட்டத்துக் கேட்டில் நிற்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கேயும் கொண்டைக்குள் விரல் விட்டுக் குடைந்திருப்பாள். அங்கேயும் இலைதான் என்றிருப்பாள்.

குழாயடியில் நான் சொல்லி முடித்தபோது யாரும் குழாயை அடைக்கவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை கேட்டாள்.

"ஒன் கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கு வந்தேனே" என்றாள். பாதி நிரம்பிய வாளியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நான் வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்தேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்குப் போகும்போதும் வாளி அங்கேயே இருந்தது. தண்ணீரில் ஒரு ரப்பர் இலை விழுந்து ஊறிக்கிடந்தது.